பாதி முகத்துக்குத்தான் இருந்தது

ஜூன் 12, வியாழன்

முதலில் பிள்ளைகள் சங்கதியை வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். மற்றது பிறகு.

மூத்த பேரன் ஸ்ரீராம்குமார் பெங்களூர் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். அவனுக்குக் கீழே பதினாறு பேர். அதில் ஒருத்தன் வெள்ளைக்காரன். இரண்டாவது பேரன் சங்கர் பரீட்சை எழுதி, குருவிகுளம் பக்கம் வி.ஏ.ஓ. ஆகிவிட்டான். தலை நரைத்தவர்கள் எல்லாம் அவனை ஐயா என்கிறார்கள். இங்கே வந்தால் அந்த ஐயாவுக்குத் தலையில் எண்ணெய் வைப்பது இன்னும் நான்தான். மகள் வயிற்றுப் பேத்தி சங்கரேஸ்வரி, புளியங்குடியில் படிக்கிறாள், மாறுவேடப் போட்டிக்கு எலுமிச்சம்பழமாகப் போய் முதல் பரிசு. ஜான்சி ராணி மட்டும் நாலு பேர் வந்தார்களாம். எலுமிச்சை ஒன்றே ஒன்று.

இவர்கள் எல்லாருக்கும் மேலே என் மகன் காசிராஜனின் மகள் மீனலோசினி. டாக்டருக்குப் படித்து, அது போதாதென்று தோலுக்கென்றே மதுரையில் மூன்று வருஷம் படித்தாள். இந்த மாதம் 27-ஆம் தேதி, நம் வீட்டுக்கு நேர் எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருந்த உரக்கடையை எடுத்து ஆஸ்பத்திரி திறக்கிறாள். உர வாடை போக மூன்று தடவை வெள்ளை அடித்தாகிவிட்டது.

நான் அஞ்சாம் கிளாஸ். இவர்கள் எல்லாம் என் வயிற்று வழி வந்தவர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு வெளியே மாட்டுகிற போர்டில் என் முகம்தான் வரப் போகிறதாம்! மீனாவின் யோசனை. "சினிமாக்காரி போட்டோ வேண்டாம் ஆச்சி. ஒம் மொகம்தான் எனக்கு விளம்பரம்" என்றாள். போட்டோவுக்குக் கீழே எழுதுவதையும் வாசித்துக் காட்டினாள்: 'எங்கள் ஆச்சிக்கு வயது 72. முகத்துக்கு ஒரு கிரீம்கூடப் போட்டதில்லை.'

குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற முகம்மது ஆரிப் வீட்டுக்கே வந்து, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த என் போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான்.

"மூக்கோரத்து மருவ எடுத்துருவமா ஆச்சி?"

"எடுத்துரு தம்பி. அந்த நெத்திக் கோட்டையும் எடு."

"இதுக்கு மேல எடுத்தா மீனா அக்காவுக்குத் தங்கச்சின்னு போடணும்."

எவ்வளவு நேரம் சிரித்தேன்! அவன் போனபிறகு ரேஷன் கார்டு வைத்திருக்கிற மஞ்சள் பையை எடுத்துப் பார்த்தேன். டியூப் அங்கேதான் இருக்கிறது.

இதை வேறு எங்கே எழுத முடியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் படை வந்தபோது ஒரு டாக்டர், "பத்து நாள் போடுங்க, அதுக்கு மேல தொடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தது. பத்து நாளில் படை போய்விட்டது. டியூபில் மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று முகத்தில் தடவினேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் வேற ஒருத்தி நின்றாள். அன்றிலிருந்து தினம் குளித்ததும் ஒரு பயறு அளவு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மருமகள் சுமதி கேட்டால் பயத்தம்மாவு என்பேன். பாவம், அவளும் பயத்தம்மாவு பூசிப் பூசிப் பார்க்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

மீனா சொல்கிறாள், ராசிக்கு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி நான்தானாம். திறப்பு விழா அன்றைக்கு எனக்கு ஒரு சின்ன வைத்தியம். மேல்தோலை லேசாக உரித்து விடுவார்களாம். அதுவரை முகத்தில் ஒன்றும் போடக்கூடாது.

"முன்னாடி எதாவது போட்டுக்கிட்டு இருந்தியா ஆச்சி? டாக்டராக் கேக்கேன். உண்மையச் சொல்லணும்."

"பயத்தம்மாவு, மஞ்சள். வேற என்னத்தட்டி போடப் போறேன்?"

"வேற யாரும் சொன்னா ரெண்டாந் தடவ கேப்பேன். நீ சொன்னா எழுதிக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள்.

இரண்டாந்தடவை கேட்டிருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

டியூபை நிறுத்தி ஐந்து நாள். கன்னம் ஊறுகிறது. வெயிலாக இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

திறப்பு விழா ஜாம் ஜாமென்று நடந்தது. என் முகம் நாலடிக்கு ஆறடி. மாடு ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. காசிராஜன் கரண்டு ஆபீஸிலிருந்து பத்துப் பேரைக் கூட்டி வந்தான். எல்லாரும் போர்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி போர்டைப் பார்த்தார்கள்.

பிறகு மீனா என்னைப் படுக்க வைத்துக் கரும்பிலிருந்து எடுக்கிற ஒரு திராவகத்தை முகத்தில் தடவினாள். சுரீரென்றது. "என்னமோ நெருப்பக் கொட்டுன மாதிரி இருக்கே மக்கா" என்றேன். "இம்புட்டு எரியாதே ஆச்சி" என்று உடனே கழுவிவிட்டாள். ஐந்து நாளில் ஆறிவிடுமாம்.

ஜூலை 2, புதன்

ஐந்து நாள் ஆயிற்று. ஆறவில்லை. முகம் முழுக்கச் செக்கச் செவேல். கோவைப்பழம் தோற்றது. தண்ணீர் பட்டால் எரிகிறது, காற்று பட்டால் எரிகிறது, சுமதி பார்த்தால்கூட எரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

மீனா இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். எனக்கா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

"புண்ணு ஆறணும்னா மொதல்ல கொஞ்சம் சூடு வேணும் ஆச்சி. செவக்கும், வீங்கும். அது வேல பாக்குற சூடு. வேல முடிஞ்சதும் தன்னால அணைஞ்சிரும். அணையாமக் கங்கு மாதிரி உள்ளயே கெடந்தா, அதுவே தோலத் தின்ன ஆரம்பிச்சிரும். புண்ணு ஆறாது. தோலு மெலியும், சுருங்கும், பத்து வருசம் கூடுன மாதிரி ஆயிரும். ஒனக்கு ஏன் அணையலன்னுதான் எனக்குப் புரியல."

சோறு வெந்தபிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் பானை என்னவாகும். எனக்குப் புரிந்தது. அந்த அடுப்பில் இத்தனை வருஷம் என்னத்தைப் போட்டேன் என்பதும் புரிகிற மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வழியே அந்த போர்டு தெரிந்தது. ஒரு கிரீம்கூடப் போட்டதில்லை. நாலடிக்கு ஆறடி.

வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

எதிர் ஆஸ்பத்திரியில் ஈ இல்லை. ஒரு வாரமாக மீனா காலையில் திறக்கிறாள், நாற்காலியைத் துடைக்கிறாள், மாலையில் பூட்டுகிறாள். கோயில் வாசலில் தேங்காய்க் கடை போட்டிருக்கும் சங்கரசுப்பு அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம், "சொந்த ஆச்சி மொகத்தையே பொசுக்கிட்டா. நம்ம மொகத்த விட்டு வைப்பாளா?"

சுமதி அடுப்படியில் அழுதாள். காசிராஜன் என்னிடம், "எம்மா, நீ கொஞ்ச நாளைக்கு வெளிய நிக்காத" என்றான். எழுபத்திரண்டு வயதில் வீட்டுச் சிறை.

மீனா சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சம்பள வேலை இருக்கிறதாம். ஆடி முடியட்டும், இங்கே இப்படியே இருந்தால் போய்விடுகிறேன் என்றாள். "எனக்கே என் கை மேல நம்பிக்க இல்ல ஆச்சி."

அவள் கைக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

யோசித்தேன். முகம் பழையபடி ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே? ஊர் வாயை மூடும், மீனாவும் போக மாட்டாள், நானும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முக்காடு போட்டுக்கொண்டு வழக்கமான மருந்துக் கடைக்குப் போனேன். "சீட்டு இல்லாம இனிமே கெடையாது ஆச்சி, ரூலு மாத்திட்டாங்க" என்கிறான். பதினோரு வருஷம் முகத்தைப் பார்த்தே கொடுத்தவன்! "ஏன், இந்த மொகத்துக்கு என்ன?" என்றேன். அவன் பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பழைய டியூபைக் கத்திரியால் நீளவாக்கில் வெட்டி வழித்தேன். பாதி முகத்துக்குத்தான் இருந்தது.

எந்தப் பாதி? நான் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவுக்குத் தெரிவது இடது கன்னம். இடது பக்கம் பூசினேன். மிச்சத்தை ஒரு மூடியில் வழித்து வைத்திருக்கிறேன், தினம் நகக்கண் அளவு.

ஜூலை 14, திங்கள்

இடது கன்னம் குளிர்ந்துவிட்டது! பழைய நிறம். பழைய வழவழப்பு. வலது பக்கம் அப்படியே சிவப்பு. மூக்குத் தண்டில் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம்.

இனிமேல் எல்லாரிடமும் இடது பக்கமாக இருந்தால் போதும். முயன்று பார்த்தேன். பால்காரர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அவர் சுற்றி வந்தார். நானும் சுற்றினேன். இரண்டு பேரும் வாசலில் ஒரு முழு வட்டம் சுற்றினோம். "கோலாட்டமா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு ஊற்றிப் போனார்.

ஜூலை 16, புதன்

மீனா கண்டுபிடித்துவிட்டாள். டியூபை இல்லை, பாதியை. விளக்கு வைத்துப் பார்த்தாள், கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"ஒரே மொகம், ஒரே மருந்து, ஒரே நாள். எடது ஆறிருக்கு, வலது ஆறல. புஸ்தகத்துலயே இப்படிக் கெடையாது."

மதுரையில் அவளுடைய பெரிய டாக்டருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறாள். அவர் மிரண்டு போனாராம். சென்னையில் ஒரு டாக்டர் மாநாட்டில் என் முகத்தைத் திரையில் போட்டுப் பேசப் போகிறாராம்.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன பொடவ கட்டட்டும்?" என்று கேட்டேன். தூ.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போய்ச் சாமியிடமாவது சொல்லிவிடுவோம் என்று போனேன். சங்கரநாராயணர் சந்நிதியில் நின்றேன். வலது பாதி சிவன், இடது பாதி பெருமாள். அவரும் பாதி, நானும் பாதி. எதைச் சொல்வது. கண்ணை மூடி நின்றேன். முக்காடு நழுவியது தெரியவில்லை.

"ஏ... மதினி!"

சங்கரசுப்பு அண்ணாச்சி. கையில் உடைத்த தேங்காய். என் முகத்தையும் சந்நிதியையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"வலது பக்கம் செவப்பு. செவப்பு சிவனுல்லா! எடது பக்கம் மாநிறம். அது பெருமாளு! கோடு கிழிச்ச மாதிரி மூக்குல நிக்காவளே ரெண்டு பேரும்!"

"அண்ணாச்சி, இது வேற..."

"பேசாதீங்க மதினி. நீங்க பேசுனா எது எந்தப் பக்கத்துப் பேச்சுன்னு எங்களுக்கு வெளங்காது."

அந்தத் தேங்காயை என் காலடியில் வைத்துவிட்டார். மீனா பொசுக்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்ன அதே வாய்!

ஜூலை 23, புதன்

இன்று பதினோரு பேர் வந்தார்கள். திருநீறு கேட்டார்கள். வீட்டில் இருந்ததைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 28, திங்கள்

ஆடித்தபசுக்கு இன்று கொடியேறிவிட்டது. வெளியூர் ஜனம் வர ஆரம்பித்தாயிற்று. கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வருகிறார்கள். எங்கள் வாசலில் ஆரம்பிக்கிற வரிசை எதிரே மீனாவின் ஆஸ்பத்திரியை ஒட்டியே போகிறது. அதன் படியில் உட்கார்ந்துதான் இளைப்பாறுகிறார்கள். ஒருத்தி அந்த போர்டில் இருக்கிற என் முகத்துக்கும் சேர்த்துப் பூ வைத்துவிட்டாள்.

உண்மையை எழுதுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது. சங்கரை ஐயா என்கிறார்கள், என்னை அம்மா தாயே என்கிறார்கள். ஸ்ரீராம்குமாருக்குக் கீழே பதினாறு பேர்தான். எனக்கு இன்றைக்கு நூறுக்கு மேல்.

மீனா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் கதவைத் திறந்தாள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

ஜூலை 31, வியாழன்

இன்று சண்டை. தாசில்தார் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன சிவராமலிங்கம், என் வலது பக்கம்தான் விசேஷம், அங்கேதான் முதலில் விழுந்து கும்பிட வேண்டும் என்கிறார். சங்கரசுப்பு அண்ணாச்சி, இடதுதான் என்கிறார்.

"செவப்புல்லா வே தெய்வ அம்சம்! எடது சாதா மனுச மொகம்."

"சாதா மொகமா? எழுவத்திரெண்டு வயசுல அந்தக் கன்னத்தத் தொட்டுப் பாரும் வே. வெண்ண!"

"நீரு தொடாதயும்!"

சங்கன், பதுமன் என்று இரண்டு பாம்புகள் எந்தச் சாமி பெரியவர் என்று சண்டை போட்டுத்தான் நம் கோயில் கதையே ஆரம்பம். இப்போது என் வாசலில் ஒரு பென்ஷன்காரரும் ஒரு தேங்காய்க் கடைக்காரரும். கடைசியில் காசிராஜன் வந்து வரிசையை இரண்டாகப் பிரித்தான். வலது கன்னத்துக்குக் கிழக்கு வரிசை, இடது கன்னத்துக்கு மேற்கு வரிசை. கரண்டு ஆபீஸ்காரன் அல்லவா, லோடு பிரிப்பது தெரிந்திருக்கிறது.

மூடியில் மருந்து இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும்.

ஆகஸ்ட் 2, சனி

எழுத வேண்டியது நிறைய. ஆனாலும் முழுசாக எழுதிவிட வேண்டும்.

காலையில் மேற்கு வரிசையில் இளையரசனேந்தலில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் காளீஸ்வரி. இருபத்திரண்டு வயது. ஆவணியில் கல்யாணம். தாய் அவள் முக்காட்டை விலக்கினாள். என் வலது கன்னத்தையே அந்தப் பிள்ளை முகம் முழுக்க ஒட்டி வைத்த மாதிரி. தோல் காகிதமாக மெலிந்து, உள்ளே நரம்பு ஓடுவது தெரிகிறது. கன்னத்தில் கீறின இடம் ஒன்று ஆறாமல் நிற்கிறது.

"பருவுக்குத்தான் ஆரம்பிச்சோம் தாயே. நாலு வருசமா இதத்தான் போடுதா. இப்பம் கேக்க மாட்டேங்குது. தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க, மறுபடி கேக்கட்டும்" என்று சொல்லிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

டியூப். அதே டியூப். அதே பச்சைக் கோடு. புதுசு, நிறைய மருந்தோடு.

மேற்கு வரிசையில் சாமி தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறது என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கையால் மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்.

அந்தப் பிள்ளை கண்ணை மூடி, முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் விரல் அருகே போனதும், தொடும் முன்பே, எரியுமென்று பயந்து உடம்பைக் குறுக்கினாள். அந்தக் குறுகல் எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். டியூபைத் தூக்கிக் காட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கருமத்தத்தான் நான் பதினோரு வருசம் பூசுனேன். விட்டேன், மொகம் வெந்துபோச்சு. எம் பேத்தி பொசுக்கல. நாந்தான் அவகிட்டப் பொய் சொன்னேன். எடது பக்கம் ஆறவே இல்ல, மிச்சம் கெடந்தத அங்கன பூசியிருக்கேன். அவ்வளவுதான்!"

எனக்கு நெஞ்சு லேசானது. அப்புறம் கிழக்கு வரிசையிலிருந்து ஒரு குரல்:

"தாயே, அது எந்தக் கடையில கெடைக்கும்?"

"இங்கன நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன கேக்கிய?"

சங்கரசுப்பு அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துச் சொல்கிறார், "ஆத்தா வாக்குச் சொல்லுதா. டியூபுதான் பிரசாதம். பேரு எழுதிக்கோங்க." பேனா எடுக்கிறார்கள்! ஒருவன் போனில் போட்டோ எடுக்கிறான். சிவராமலிங்கம், "கிழக்கு வரிசைக்குத் தனி டியூப் உண்டா?" என்கிறார்.

இவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சாமி என்று நம்புகிறார்களா, சரி. டியூபை இடுப்பில் செருகினேன். காளீஸ்வரி கையைப் பிடித்தேன். "எம் பின்னால வாங்க" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

வந்தார்கள். இரண்டு வரிசையும். பிரிந்தது பிரிந்தபடியே, கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம், தேங்காய்த் தட்டோடு மீனாவின் ஆஸ்பத்திரிக்குள். சிலபேர் செருப்பை வாசலிலேயே விட்டார்கள். மீனா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேஜையில் டியூபை வைத்தேன். பக்கத்தில் மஞ்சள் பையில் இருந்த வெட்டின பழையதையும் வைத்தேன்.

"இதுதான் ஒன் புஸ்தகத்துல இல்லாதது" என்றேன். "பதினோரு வருசம். இந்தப் பிள்ளைக்கு நாலு வருசம். என்ன அப்புறமா வையி. மொதல்ல இவளப் பாரு."

மீனா டியூபைத் திருப்பி, பொடி எழுத்தை வாசித்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காளீஸ்வரியைப் பார்த்து, "உக்காருங்க" என்றாள். இன்றைக்கு மத்தியானம் வரை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்த வரிசையில் இதே டியூபைப் பையில் வைத்திருந்தவர்கள் இன்னும் ஒன்பது பேர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மீனா என்னிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு மட்டும் தட்டில் வைத்தாள். 'இனிமேல் முகத்தில் எதுவும் கூடாது. தண்ணீர், நான் தரும் களிம்பு. இடது பக்கமும் எரியும். மாதக் கணக்கில் ஆகும்.' கீழே டாக்டர் கையெழுத்து, சீல். சொந்த ஆச்சிக்கு சீல் குத்துகிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசு. சாயங்காலம் எல்லாரும் காட்சி பார்க்கப் போனோம். கூட்டம் இடித்தது. தவசு செய்கிற அம்பாளுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரம், சுற்றியிருந்த சம்சாரிகள் வயலில் விளைந்ததை எல்லாம் வாரி எறிந்தார்கள். பருத்தி, நெல், மிளகாய் வற்றல்.

திடீரென்று என் முகத்தின்மேல் ஒரு துப்பட்டா வந்து மூடியது. மீனாவின் கை.

"வத்தல் எறியுதாவ ஆச்சி. மொகத்துல பட்டா செத்துருவ."

ஐந்து நாளைக்குப் பிறகு பேசின முதல் பேச்சு. நான் காட்சியைப் பார்க்கவில்லை. துணிக்குள்ளே அழுதுகொண்டிருந்தேன், கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

திரும்பி நடக்கும்போது சொன்னாள். "அந்த ஸ்டீராய்டு டியூபு கங்க அணைக்கல ஆச்சி. மேல சாம்பலப் போட்டு மூடி வச்சிருந்துச்சு. அடியில தோலு மெலிஞ்சுக்கிட்டே இருந்துருக்கு. நான் ரெண்டாந் தடவ கேட்டிருக்கணும்."

"கேட்டாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். மூணாந் தடவயும் கேட்டிருக்கணும்."

ஆகஸ்ட் 29, வெள்ளி

இடது பக்கமும் சிவந்துவிட்டது. இப்போது முழு முகம். சங்கரசுப்பு அண்ணாச்சி வந்து இரண்டு கன்னத்தையும் பார்த்தார். "பெருமாளு போயிட்டாரு போல" என்று சொல்லி, அன்று வைத்த தேங்காயைத் திருப்பிக் கேட்டார். சட்னி அரைத்தாயிற்று என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காளீஸ்வரி கல்யாணத்தை அவர்களே தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளை வந்து மீனாவைப் பார்த்தானாம். கல்யாணம் வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று மீனா பயந்திருக்கிறாள். அவன் பையிலிருந்து அதே டியூபை எடுத்து வைத்தானாம். அவனும்!

அக்டோபர் 15, புதன்

எரிச்சல் குறைந்திருக்கிறது. சிவப்பு வடிய வடிய, அடியிலிருந்து ஒரு கிழவி வெளியே வருகிறாள். கண்ணோரம் கோடு, வாயோரம் கோடு. மேல் உதட்டில் மட்டும் ஏழு. எண்ணிப் பார்த்தேன். யார் இவள் என்று பார்த்தால், என் அம்மா.

மீனாவின் பெரிய டாக்டர் மாநாட்டில் என் முகத்தைக் காட்டியேவிட்டாராம். ஆனால் தலைப்பு வேறு. நோயாளி சொல்வதை ஒரு தடவை மட்டும் கேட்டு நம்பாதீர்கள் என்பதற்கு நான் உதாரணம். எப்படியோ சென்னை போய் வந்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஸ்ரீராம்குமாருக்குக் கீழே இப்போது இருபது பேர். சங்கருக்குப் பெண் பார்க்கிறோம். குட்டி சங்கரேஸ்வரி இந்தத் தடவை மாறுவேடத்துக்கு ஆச்சியாகப் போனாள். முகத்துக்குக் குங்குமம் பூசி, பாதியை மட்டும் துடைத்துவிட்டு. முதல் பரிசு. சென்னை வேலைக்கு மீனா கடிதம் எழுதி வேண்டாமென்றுவிட்டாள். கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறாள், கொண்டுவருகிற டியூபை எல்லாம் அதில் போட. ஜாடி நிறைந்து இப்போது வாளி.

நேற்று ஆரிப் புது போர்டுக்கு என்னைப் படம் எடுத்தான். கீழே எழுதுவதை இந்தத் தடவை நானே சொன்னேன்: 'எங்கள் ஆச்சிக்கு வயது 72. பதினோரு வருஷம் ஒரு டியூப் போட்டார். நீங்களும் போட்டால், மறைக்காமல் எடுத்து வாருங்கள்.' இன்றைக்கு மாட்டினான். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"ஏலே ஆரிப், உதட்டு மேல இருந்த ஏழு கோடு எங்க?"

"பழக்கத்துல கை போயிருச்சு ஆச்சி. கொஞ்சூண்டு சரி பண்ணுனேன். பாருங்க, எம்புட்டு எளமையா..."

"எறக்கு."

"ஆச்சி, மாட்டியாச்சே!"

எறக்கச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் வெயில் வந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். மருவோடு, ஏழு கோட்டோடு, வலது கன்னத்தில் இன்னும் போகாத அந்தச் சிவப்புத் திட்டோடு புதுசாக ஒரு போட்டோ எடுத்து, அதைப் போட வேண்டும்.